தீராத நோயும் தளராத பேணலும்

(தோட்ட மண்டபமொன்றில் மாதரும் இளைஞரும் மாணவரும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சேமநிதி, வீட்டுடைமை, பிள்ளைகளின் கல்வி, டெங்கிக் கொசு ஒழிப்பு ஆகியவை பற்றி இம்மேடையில் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் பூனை. அதிலும் நோயுற்ற பூனை. மேலும் கூறுவதானால், மருந்து கொடுத்தும் முழுமையாகக் குணமாகாது, மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் நோயோடு வாழ்கின்ற வீட்டுப் பூனை. முன் வரிசையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். புன்னகை நல்லதே. ஆயினும் இவ்வுரை முடியும்பொழுது இப்பொருள் பூனையோடு மட்டும் நின்றுவிடுவதன்று, நமது வீட்டின் நலத்தையும் நமது பிள்ளைகளின் பண்பையும் தொடுகின்ற பொருள் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

பால்மரக் காலத்திலும் சரி, செம்பனைக் காலத்திலும் சரி, தோட்டத்து லயன்களில் பூனை இல்லாத வீடு குறைவு. அரிசி மூட்டையையும் கோழித் தீவனத்தையும் எலியிடமிருந்து காத்தது பூனையே. பெற்றோர் விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்ற பின்னர், பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்குத் துணையாக வாசற்படியில் அமர்ந்திருந்ததும் அதுவே. அவ்வாறு வளர்ந்த பூனைக்கு மூக்கில் புண் வந்து ஆறாவிட்டால், அல்லது அது மெலிந்து எலும்பும் தோலுமாகிவிட்டால், என்ன நிகழ்கிறது? பல வேளைகளில் அது கோணிப்பையில் கட்டப்பட்டுச் சந்தையின் பின்புறத்திலோ செம்பனைக் காட்டின் ஓரத்திலோ விடப்படுகிறது. “இது தீராத நோய், நாம் என்ன செய்வது?” என்பதே அப்பொழுது கூறப்படும் காரணம்.

அந்தக் காரணத்தைப் பற்றியே இன்று பேச வந்துள்ளோம். தீராத நோய் வேறு. பேண முடியாத நோய் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால்தான் காப்பாற்றப்படக் கூடிய உயிர்கள் கைவிடப்படுகின்றன.

நம் வீடுகளையே எண்ணிப் பாருங்கள். பாட்டிக்கு இனிப்பு நீர் இருக்கிறது. தாத்தாவுக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. இவை முற்றாகத் தீர்கின்றனவா? பெரும்பாலும் இல்லை. எனினும் அரசாங்க மருத்துவ நிலையத்தில் மாதந்தோறும் மாத்திரை பெற்று, சர்க்கரையையும் உப்பையும் குறைத்து, அவர்கள் பேரப்பிள்ளைகளின் திருமணத்தையும் கண்டு வாழ்கிறார்கள். நோயைத் தீர்ப்பது ஒருவகை வெற்றி. நோயை அதன் எல்லைக்குள் நிறுத்தி வைப்பது மற்றொரு வகை வெற்றி. இவ்வுண்மை பூனைக்கும் பொருந்தும்.

நால்வகை உறுப்பு

திருவள்ளுவர் ‘மருந்து’ எனும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளை வகுத்துள்ளார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து மருந்தூட்டிப் பணிவிடை செய்பவர் என்பவையே அந்நான்கு. மருத்துவருக்கும் மருந்துக்கும் சமமான இடத்தைப் பணிவிடை செய்பவருக்கும் அவர் அளித்திருப்பது கருதத்தக்கது. பூனையால் தன் நோயைச் சொல்ல இயலாது. மருத்துவர் அதனைக் காண்பது சில நிமிடங்கள் மட்டுமே. எஞ்சிய நாள் முழுவதும் அதனைக் காண்பவர் நீங்கள். ஆகவே நீண்டகால நோயில் நான்காம் உறுப்பே ஏனைய மூன்றையும் இணைக்கும் கயிறாகின்றது.

பூனைக்கு ஓர் இயல்பு உண்டு. அது தன் நோவை மறைத்துக்கொள்ளும். நாய் முனகும்; குழந்தை அழும்; பூனையோ கட்டிலுக்கு அடியில் சென்று அமைதியாகப் படுத்துக்கொள்ளும். “நேற்று வரையில் நன்றாகத்தானே இருந்தது” என்று நாம் கூறும்பொழுது, உண்மையில் அது பல வாரங்களாக நோயுற்றிருக்கக் கூடும். எனவே நோய்களைச் சிறிது அறிந்துகொள்வது அவசியமாகிறது.

நெடுநாள் நோய்கள்

முதலாவது சிறுநீரக நோய். பத்து வயதைக் கடந்த பூனைகளிடம் இது மிகுதி. சிறுநீரகம் இரத்தத்திலுள்ள கழிவைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி. அதன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பின்னரே வெளிக்குறிகள் தோன்றுகின்றன. பூனை மிகுதியாக நீர் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும், உணவில் நாட்டம் குறையும், வாந்தி எடுக்கும், உடல் மெலியும். “நன்றாகத் தண்ணீர் குடிக்கிறது, ஆரோக்கியமாக இருக்கிறது” என்று சிலர் மகிழ்வதுண்டு. 4 கிலோகிராம் எடையுள்ள பூனை நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் நீர் குடித்தால் அது மகிழ்ச்சிக்குரியதன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறி. அழிந்த பகுதியை மீட்க முடியாது. ஆனால் எஞ்சிய பகுதியைப் பல காலம் காக்க முடியும். அதற்கென உரிய உணவும், தேவையானபோது தோலுக்கடியில் செலுத்தப்படும் உப்புநீரும், மருந்துகளும் உள்ளன.

இரண்டாவது இனிப்பு நீர். ஆம், பூனைக்கும் இது வரும். நலமடிக்கப்பட்டு, உடல் பருத்து, ஓடியாடாதிருக்கும் ஆண் பூனைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. இதற்குப் பெரும்பாலும் நாளைக்கு இருமுறை, 12 மணி நேர இடைவெளியில் இன்சுலின் ஊசி போடப்படுகிறது. தொடக்கத்திலேயே ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பூனைகளில் சில, பின்னர் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஆனால் பாட்டியின் இன்சுலினை மதிப்பாகக் கணக்கிட்டுப் பூனைக்குப் போடுதல் அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். அளவை மருத்துவரே கூறவேண்டும். ஊசி போட்ட பின்னர் பூனை தள்ளாடினாலோ நடுங்கினாலோ, சிறிது தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும்.

மூன்றாவது, கிருமிகளால் வரும் நெடுநாள் நோய்கள். குட்டிப் பருவத்தில் கண்ணில் பீளையும் மூக்கில் சளியுமாக வரும் பூனைச் சளிக்காய்ச்சலுக்குக் காரணமான ஹெர்பிஸ் கிருமி, நோய் தணிந்த பின்னரும் உடலில் ஒளிந்திருக்கும். வீடு மாறுதல், புதிய பூனையின் வருகை, பட்டினி முதலியவற்றால் பூனை கலக்கமுறும்பொழுது அது மீண்டும் தலைதூக்கும். 1964ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கண்டறியப்பட்ட பூனை இரத்தப் புற்றுக் கிருமியும், 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கண்டறியப்பட்ட பூனை எதிர்ப்பாற்றல் குறைவுக் கிருமியும் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது கிருமி பெரும்பாலும் சண்டையில் ஏற்படும் ஆழ்ந்த கடியால் பரவுகிறது. அதனைப் ‘பூனை எய்ட்ஸ்’ என்று கூறக் கேட்டு அஞ்சிப் பூனையை விரட்டியவர்கள் உண்டு. இவ்விரு கிருமிகளும் மனிதரைத் தொற்றுவதில்லை. கிருமியுள்ள பூனையை நலமடித்து, வீட்டினுள் வைத்து, நல்லுணவு கொடுத்தால் அது பல ஆண்டுகள் வாழக்கூடும். பிற பூனைகளுக்கு நோய் பரவுவதும் குறையும்.

ஆறாத புண்ணும் வீட்டார் நலமும்

நான்காவது நோயைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். அது நம் நாட்டுப் பூனைகளிடம் காணப்படுவது. மனிதருக்கும் பரவக் கூடியது. ஸ்போரோதிரிக்கோசிஸ் என்பது அதன் பெயர். பெயர் கடினமாயினும் செய்தி எளிது. இது மண்ணிலும் மக்கிய தாவரங்களிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சைக் காளானால் வரும் நோய். அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டு இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வேறு பல நாடுகளில் ரோஜாச் செடியின் முள் குத்துவதால் தோட்டக்காரர்களுக்கு வருவதாக இது அறியப்பட்டுள்ளது. மலேசியாவிலோ, நோயுற்ற பூனையின் கீறலாலும் கடியாலும் மனிதருக்கு வருவதே பெரிதும் பதிவாகியுள்ளது.

பூனையின் மூக்கிலோ காதிலோ பாதத்திலோ ஒரு சிறு கட்டி தோன்றும்; உடைந்து புண்ணாகும்; ஆறாது; பரவும். தும்மலும் உண்டாகலாம். “சண்டை போட்ட காயம், தானே ஆறிவிடும்” என்று விட்டுவிடுதல் ஆகாது. இரண்டு வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்டவேண்டும். மருந்தினால் இந்நோய் பெரும்பாலும் குணமாகும். ஆனால் அந்த மருந்தைப் பல மாதங்கள் நாள் தவறாமல் கொடுக்கவேண்டும். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். புண் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். புண் மறைந்த பின்னரும் குறைந்தது ஒரு மாதமாவது மருந்தைத் தொடரவேண்டும் என்பதே மருத்துவ விதி. தோலின் மேல் கண்ணுக்குத் தெரியாதது தோலினுள் உயிரோடிருக்கும்.

இப்பூனையைப் பேணுபவர் கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணியவேண்டும். பூனையைத் தனி அறையிலோ கூண்டிலோ வைக்கவேண்டும். சிறுவர்களையும், இனிப்பு நீர் முதலிய நோய்களால் உடலின் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களையும் அதனருகே விடலாகாது. கீறல் பட்டால் உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவவேண்டும். பின்னர் கையில் கட்டி தோன்றி, அங்கிருந்து மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் எழுமாயின், மருத்துவரிடம் “எங்கள் வீட்டில் புண்ணுள்ள பூனை இருக்கிறது” என்பதை மறவாமல் கூறுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல வாரச் சோதனைகளைக் குறைக்கக் கூடும்.

இப்பொழுது சிந்தியுங்கள். இத்தகைய பூனையைச் சந்தையின் பின்புறத்தில் விட்டுவிட்டால் நோய் ஒழிந்துவிடுமா? ஒழியாது. அது பிற பூனைகளோடு சண்டையிடும், அவற்றிற்கும் பரவும், அப்பூனைகளைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் பரவும். அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்பதை நாம் அறியோம். நோயுற்ற பூனையை வீட்டிலேயே வைத்துப் பேணுதல் இரக்கச் செயல் மட்டுமன்று. பொதுச் சுகாதாரக் கடமையுமாகும்.

கடியைப் பற்றியும் ஒரு சொல். சரவாக் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு வெறிநாய்க்கடி நோய் பரவத் தொடங்கி மனித உயிர்களைப் பலிகொண்டது. அந்நோய் நாயால் மட்டுமின்றிப் பூனையாலும் பரவக் கூடும். ஆகவே எந்த விலங்கு கடித்தாலும் சவர்க்காரமிட்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவ நிலையத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

குறிப்பேடு எனும் கருவி

பேணுதலின் முதற்படி கவனித்தல். கவனித்ததை எழுதி வைத்தால் அது அறிவாகிறது. பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றே இதற்குப் போதும். பக்கத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உண்ட அளவு, குடித்த நீர், சிறுநீரும் மலமும், கொடுத்த மருந்து, எடை. முதல் நான்கும் நாள்தோறும். எடை வாரம் ஒருமுறை.

எடை பார்ப்பதற்குத் தனிக் கருவி வேண்டுவதில்லை. வீட்டிலுள்ள தராசின் மேல் பூனையைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள், பின்னர் பூனையை விட்டுவிட்டு நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். இப்பணியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒப்படைத்தால் கணக்கும் கற்றதாகும், கருணையும் கற்றதாகும். 4 கிலோகிராம் பூனை 400 கிராம் மெலிந்தால் நம் கண்ணுக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அது பத்தில் ஒரு பங்கு. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதர் 6 கிலோகிராம் மெலிந்ததற்கு அது சமம்.

மற்றொரு கணக்கும் உண்டு. பூனை உறங்கும்பொழுது அதன் விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்கு உட்பட்டிருத்தல் இயல்பு. உறக்கத்திலும் அதற்கு மேல் தொடர்ந்து இருக்குமாயின் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இருக்கலாம்.

சில குறிகளுக்குக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு காத்திருத்தல் ஆகாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முயன்று, ஒரு துளியும் வராமல் கத்துமாயின் சிறுநீர்க்குழாய் அடைபட்டுள்ளது என்று பொருள். ஓரிரு நாள்களில் அது இறந்துவிடக் கூடும். மலச்சிக்கல் என்றெண்ணி விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் அந்த நேரத்தை இழந்துவிடுகிறார்கள். அவ்வாறே, பூனை இரண்டு மூன்று நாள்கள் ஒன்றுமே உண்ணாவிட்டால் உடற்கொழுப்பு ஈரலில் தேங்கி ஈரலே கெட்டுப்போகும். பருத்த பூனைக்கு இவ்வபாயம் இன்னும் மிகுதி. பட்டினி போட்டால் நோய் தணியும் எனும் கருத்து பூனைக்குச் சிறிதும் பொருந்தாது.

உணவும் மருந்தும்

பூனை பிறப்பால் ஊனுண்ணி. சோற்றையும் குழம்பையும் பிசைந்து வைத்தால் வயிறு நிறையும், உடல் நிறையாது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் எனும் சத்து பூனைக்கு இன்றியமையாதது. அது குறைந்தால் கண்பார்வை மங்கும். இதயத் தசை தளரும். இதயத் தளர்ச்சிக்கு இக்குறைவே காரணம் என்பதை 1987ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பின்னரே உலகெங்கும் பூனைத் தீவனங்களில் இச்சத்தின் அளவு கூட்டப்பட்டது. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். ஆகையால் நமது கறிக்குழம்பு அதற்கு உணவாகாது. கருவாட்டின் உப்பு சிறுநீரக நோயுள்ள பூனைக்குப் பகை. வளர்ந்த பூனைகளில் பலவற்றிற்குப் பசும்பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். வீட்டின் இரண்டு மூன்று இடங்களில் தூய நீரை வையுங்கள். உலர் தீவனத்தோடு ஈரமான உணவும் சேர்ந்தால் நீர்ச்சத்துக் கூடும்.

மருந்து கொடுப்பது ஒரு கலை; பயின்றால் எவருக்கும் கைவரும். பூனையைத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரியுமாறு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையை மெல்லப் பிடித்துத் தலையைச் சற்று உயர்த்தினால் கீழ்த்தாடை தளரும். மாத்திரையை நாவின் அடிப்பகுதியில் வைத்து வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுங்கள். பின்னர் ஊசியில்லாக் குழலால் சிறிது நீரை வாயின் ஓரமாகப் புகட்டுங்கள், அல்லது ஒரு வாய் உணவு கொடுங்கள். மாத்திரை தொண்டையில் தங்கினால் அவ்விடம் புண்ணாகும். ஒவ்வொரு நாளும் அதே வேளையில், அதே இடத்தில், கோபமின்றிச் செய்தால் பூனையும் பழகிக்கொள்ளும்.

செய்யத் தகாதவை இவற்றினும் முக்கியமானவை. நமக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையை, அதாவது பனடோல் என்று நாம் வழங்குவதை, பூனைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது. அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதிய அளவில் இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். அன்போடு கொடுத்தாலும் நஞ்சு நஞ்சே. நாய்க்கு உண்ணி போக்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சாகும். புண்ணில் மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், கிருமிநாசினித் திரவம் ஆகியவற்றைப் பூசுவதும் கூடாது. பூனை தன் உடலை நக்கித் தூய்மை செய்துகொள்ளும் பிராணி. அதன் தோலில் பூசுவது எதுவாயினும் வயிற்றுக்குள் செல்லும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தோட்டத்திற்கே உரிய அபாயம் ஒன்றும் உண்டு. செம்பனைக் காட்டில் எலிகளுக்கு வைக்கப்படும் நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுப்பது. நஞ்சுண்ட எலியைப் பூனை தின்றால் பூனையின் உடலினுள்ளும் குருதி கசியத் தொடங்கும். ஏற்கெனவே நோயால் தளர்ந்த பூனை இதனைத் தாங்காது. ஈறு வெளிறிப்போதல், சோர்வு, மூச்சிரைப்பு, மலத்தில் இரத்தம் ஆகியவை இதன் குறிகள். நஞ்சு உண்ட சில நாள்களுக்குப் பின்னரே இவை தோன்றும். கே1 எனும் உயிர்ச்சத்து இதற்கு மாற்று மருந்தாகும். காலம் தாழ்த்தாது சென்றால் பிழைக்க வாய்ப்புண்டு. எந்த நஞ்சு வைக்கப்பட்டது என்பதைத் தோட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து மருத்துவரிடம் கூறினால் சிகிச்சை எளிதாகும். நஞ்சு வைக்கும் நாள்களில் பூனையை வீட்டினுள் அடைத்து வைத்தல் அதனினும் சிறந்தது.

சட்டமும் செலவும்

நாட்டின் சட்டமும் இப்பொருளில் தெளிவாக உள்ளது. 1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டத்தின்படி விலங்கு வதைக்கு உரிய உச்ச அபராதம் நெடுங்காலம் 200 ரிங்கிட்டாகவே இருந்தது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 50,000 ரிங்கிட்டாக உயர்த்தியது. பின்னர் இயற்றப்பட்ட 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி வதைக் குற்றத்திற்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விலங்கின் உரிமையாளர் அதன் தேவைகளை நிறைவேற்றித் துன்பத்தினின்றும் நோயினின்றும் காக்கும் கடமையுடையவர் என்பதையும் அச்சட்டம் கூறுகிறது. அபராதத்திற்கு அஞ்சியே இரக்கம் காட்டவேண்டும் என்று நாம் கூறவில்லை. வாயில்லா உயிருக்கும் நாடு ஒரு மதிப்பைத் தந்துள்ளது என்பதற்காகவே இதனைக் கூறுகிறோம்.

“எல்லாம் சரி, செலவுக்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பது நமக்குப் புரிகிறது. நியாயமான கேள்வியே. மாதச் சம்பளத்தில் அரிசிக்கும் பள்ளிக்கும் முதலிடம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். முதலில் மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் விசாரியுங்கள். தொலைவிலுள்ள தோட்டத்திலிருந்து தனியே வாடகைக் கார் பிடிப்பதற்கு மாறாக, இரண்டு மூன்று வீட்டார் ஒன்றுசேர்ந்து ஒரே நாளில் தங்கள் பூனைகளைக் கொண்டு செல்லலாம். மூடியுள்ள கூடையில், பழைய சேலைத் துணி விரித்துக் கொண்டு சென்றால் பூனையும் அஞ்சாது. கடினமான நோய்களுக்குச் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் விலங்கு மருத்துவமனை போன்ற இடங்களும் உள்ளன. மருத்துவரிடம் உங்கள் பண நிலையை மறைக்காது கூறுங்கள். இன்றியமையாத சோதனை எது, தள்ளிப்போடக் கூடியது எது என்பதை அவர் வகுத்துக் கூறுவார். செலவில்லாத மருந்துகளும் இருக்கின்றன: தூய நீர், உலர்ந்த படுக்கை, அமைதி, ஒழுங்கான வேளை.

நீண்ட காலச் செலவைக் குறைக்கும் வழி நலமடித்தலும் தடுப்பூசியுமே. நலமடித்த ஆண் பூனை சண்டைக்கு அலைவது குறையும். கடியால் வரும் நோய்களும் குறையும். வளர்க்க இயலாத குட்டிகளும் பிறவா. பத்துப் பூனைகளைக் குறைவாகப் பேணுவதைக் காட்டிலும் இரண்டை முறையாகப் பேணுதல் மேலானது.

இறுதிக் கடமை

பேணுதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் கூறாதுவிட்டால் இவ்வுரை முழுமை பெறாது. மருந்தும் உணவும் பயனளிக்காது, பூனை எழவும் உண்ணவும் இயலாது, நோவிலேயே நாள்களைக் கழிக்கும் நிலை வரலாம். அப்பொழுது குறிப்பேட்டைப் பாருங்கள். சென்ற மாதத்தில் நல்ல நாள்கள் எத்தனை, துன்ப நாள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். துன்ப நாள்கள் மிகுந்தால், நோவில்லாமல் அதன் உயிரை முடித்துக்கொடுப்பது பற்றி மருத்துவரிடம் ஆலோசியுங்கள். சமயமும் மனமும் இதில் வெவ்வேறாகக் கூறலாம். முடிவு உங்கள் குடும்பத்தினுடையது. ஆனால் கோணிப்பையில் கட்டிக் காட்டோரத்தில் விடுவது மட்டும் முடிவாகாது. அங்கே அதற்குக் கிடைப்பது விடுதலையன்று. பசியும் எறும்பும் மழையுமே. காளான் நோயால் இறந்த பூனையை மண்ணில் புதைத்தால் கிருமி மண்ணிலேயே தங்கிவிடும். அதனை எரிப்பதே முறை. மருத்துவரிடம் வழி கேளுங்கள்.

பெற்றோர்களே, ஆசிரியப் பயிற்சி பெற்றவர் எனும் முறையில் ஒன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். நோயுற்ற பூனையை நாம் நடத்தும் விதத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பயன்பட்ட காலத்தில் மடியில் வைத்துக் கொஞ்சி, பயனற்ற காலத்தில் தூக்கியெறிவதை அவர்கள் கண்டால், எதனைக் கற்றுக்கொள்வார்கள்? ஒருவர் நோயுற்றால் அவரைக் கைவிடுதல் இயல்பே என்பதையல்லவா கற்றுக்கொள்வார்கள்? நாளை நமக்கும் முதுமை வரும்; மாத்திரையை வேளையறிந்து எடுத்துக் கொடுக்க ஒரு கை வேண்டியிருக்கும். அந்தக் கை இன்று பூனைக்கு மருந்து கொடுத்துப் பழகட்டும்.

சுருங்கக் கூறின், நாள்தோறும் கவனியுங்கள், கவனித்ததை எழுதுங்கள். மருத்துவர் கூறிய மருந்தை, அவர் நிறுத்தச் சொல்லும் வரையில் கொடுங்கள். மனிதரின் மாத்திரையைக் கொடாதீர்கள். பேணுபவரின் கைகளையும் காத்துக்கொள்ளுங்கள். எந்நிலையிலும் தெருவில் விடாதீர்கள்.

இவ்வுரைக்குப் பின்னர் இம்மண்டபத்தின் பின்புறத்திலுள்ள மேசையில் மாதிரிக் குறிப்பேட்டுத் தாள்கள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கொன்றாக எடுத்துச் செல்லுங்கள். இன்றிரவே முதல் வரியை எழுதுங்கள்.